க்விக் கப்ளர்: கழட்டின பிறகு காத்து எந்தப் பக்கம் நிக்கணும்?

இன்னைக்கு எபிசோட், உள்ளங்கையில அடங்குற ஒரு பொருளைப் பத்தி: க்விக் கப்ளர். பஞ்சர் கடையில காத்துக் குழாயை 'டக்'னு மாட்டி, காலரை இழுத்து 'புஸ்'னு கழட்டுவாங்களே, அதுதான். ஏர்சாஃப்ட் விளையாடுறவங்க சிலிண்டர்ல இருந்து துப்பாக்கிக்குக் கொண்டு போற லைன்லயும் இது இருக்கு. நம்ம பாண்டி கடல்ல ஸ்கூபா போறவங்க ஜாக்கெட்டுக்கு வர்ற ஹோஸ்லயும் இதோட தம்பி ஒண்ணு இருக்கு. மூணு இடத்துக்கும் கேள்வி ஒண்ணுதான்: கழட்டின பிறகு காத்து எந்தப் பக்கம் அடைபட்டு நிக்கணும்?

முதல்ல பாகங்கள். இது ரெண்டு பாதியா வரும். ஒண்ணு கப்ளர். உள்ள ஸ்பிரிங் வச்ச வால்வு, சுத்தி சின்னச் சின்ன ஸ்டீல் குண்டுகள், மேல ஒரு காலர். இன்னொண்ணு பிளக். பெரும்பாலும் வால்வே இல்லாத வெறும் குழல், கழுத்துல ஒரு பள்ளம். பிளக்கை அழுத்தினா குண்டுகள் பள்ளத்துல உட்கார்ந்து பூட்டிக்கும், பிளக் முனை வால்வைத் தள்ளித் திறக்கும். கழட்டினா ஸ்பிரிங் வால்வை மூடிடும்.

விதி இதுதான்: காத்து வர்ற ஹோஸ் முனையில கப்ளர், கருவி பக்கம் திறந்த பிளக்.

மாத்திப் போட்டா என்ன ஆகும்? ஹோஸ் முனையில பிளக் இருந்தா, கழட்டின நொடியே காத்து பீய்ச்சி அடிக்கும், ஹோஸ் பாம்பு மாதிரி துள்ளும். கருவி பக்கம் வால்வு இருந்தா இன்னும் மோசம். லைனைக் கழட்டியாச்சு, இனி ஒண்ணும் ஆகாதுனு நினைப்போம். ஆனா உள்ள சிக்கின காத்து, ட்ரிக்கர்ல கை பட்டா ஒரு குண்டைத் தள்ளப் போதும். கண்ணாடியைக் கழட்டி வச்ச நேரத்துல அது யார் கண்ணுல வேணா படலாம். திறந்த பிளக்னா, கழட்டும்போதே துப்பாக்கி காலியாகிடும்.

இப்ப ஸ்கூபா. டைவர் போடுற மிதவை ஜாக்கெட்டுக்குள்ள பட்டனை அழுத்திக் காத்து நிரப்பலாம். சிலிண்டர்ல சுமார் 200 பார். ரெகுலேட்டரோட முதல் கட்டம் அதைச் சுத்தியுள்ள தண்ணி அழுத்தத்தை விட 9, 10 பார் மட்டும் அதிகமா இருக்கிற மாதிரி குறைக்கும். கிட்டத்தட்ட 140 பிஎஸ்ஐ. ஏர்சாஃப்ட்லயும் கதை இதேதான்: சிலிண்டர்ல 3000 அல்லது 4500 பிஎஸ்ஐ, ரெகுலேட்டர் தாண்டினா பெரும்பாலும் 60ல இருந்து 120 வரை.

அந்த ஜாக்கெட் பட்டன் உப்பு, மணல் பட்டு இறுகி, அழுத்தின நிலையிலயே நின்னுடுச்சுனு வைங்க. காத்து நிக்காம நிரம்பும், ஆள் வேகமா மேல ஏறுவார். 18 மீட்டர் ஆழத்துல அழுத்தம் 2.8 மடங்கு. அங்க இருக்கிற காத்து மேல வரும்போது 2.8 மடங்கு விரியும், நுரையீரல்ல இருக்கிறதும் சேர்த்துதான். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஏறினா நுரையீரல் கிழியலாம். அதனால டைவர் காத்தை வெளியேத்திக்கிட்டே, காலரை இழுத்து ஹோஸைக் கழட்டணும். வால்வு ஹோஸ் பக்கம் இருக்கிறதால சிலிண்டர் காத்து வீணாகாது, அவர் மூச்சு விடலாம். ஆரம்ப நிலை கோர்ஸ்லயே இதைத் தண்ணிக்குள்ள பழக்குவாங்க.

சரி, மாட்டுறது எப்படி?

ஒண்ணு, இடம். இந்த மாதிரி கப்ளர் ரெகுலேட்டருக்கு அப்புறம்தான். 3000 பிஎஸ்ஐ பக்கம் கிட்டயே கொண்டு போகாதீங்க. கப்ளர், ஹோஸ் ரெண்டுலயும் போட்டிருக்கிற அழுத்த அளவைப் பாருங்க.

ரெண்டு, மரை. நம்ம ஊர் ஹார்டுவேர் கடையில பொதுவா கிடைக்கிறது பிஎஸ்பி. அமெரிக்க ஏர்சாஃப்ட் சாமான் என்பிடி. கால் இன்ச் சைஸ்ல பிஎஸ்பிக்கு இன்ச்சுக்கு 19 மரை, என்பிடிக்கு 18. முதல் ஒண்ணு ரெண்டு சுத்து நல்லா ஏறும், அப்புறம் இறுகும். ஸ்பேனர் போட்டு முறுக்காதீங்க, சரியான அடாப்டர் வாங்குங்க.

மூணு, டெஃப்லான் டேப். மரை ஏறுற திசையில ரெண்டு மூணு சுத்து, முனையில முதல் மரையை விட்டுட்டு. பிய்ஞ்ச துணுக்கு உள்ள போனா வால்வுல மாட்டிக்கிட்டு அது மூடாது.

நாலு, ஜோடி. கப்ளரும் பிளக்கும் ஒரே வகையா இருக்கணும். பார்க்க ஒரே மாதிரி இருந்தும் பூட்டாத வகைகள் உண்டு. மாட்டினதும் ஒரு தடவை இழுத்துப் பாருங்க. குழாயைச் செருகி வைக்கிற பியூ கனெக்டரை இதுக்குப் பதிலா போடாதீங்க. சாதாரண பியூ கனெக்டர்ல மூடுற வால்வு கிடையாது.

அஞ்சு, சோதனை. குறைஞ்ச அழுத்தத்துல திறந்து, இணைப்புகள்ல சோப்புத் தண்ணி தடவுங்க. நுரை வந்தா காத்தை நிறுத்தி, காலி பண்ணிட்டு சரி பண்ணுங்க.

கடைசியா கழட்டுற வரிசை: மேகசினை எடுங்க, லைனைக் கழட்டுங்க, பாதுகாப்பான பக்கம் பார்த்து ரெண்டு தடவை ட்ரிக்கர் அழுத்துங்க. அப்புறம்தான் கண்ணாடியில கை வைக்கணும்.

அடுத்த எபிசோட்ல ரெகுலேட்டரைப் பிரிச்சுப் பார்ப்போம். கேள்வி இருந்தா அனுப்புங்க.