உறைபனிக் காலத்தில் தோட்டத்து நீர்க்குழாய்களையும் பம்பியையும் பாதுகாத்தல்

நுவரெலியாவிலும் அதனைச் சூழ்ந்த உயர்ந்த மலைப்பகுதிகளிலும் மார்கழி தொடக்கம் மாசி வரையுள்ள காலத்தில் சில இரவுகளில் உறைபனி விழுவதுண்டு. ஓர் இரவிலேயே உருளைக்கிழங்கின் இலைகள் நெருப்பிற் கருகியவைபோற் கறுத்துவிடும். இலையில் வெயில் படுமுன் நீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுதல் கமக்காரர் நன்கறிந்த முறையாகும். ஆயின், அவ்வேளையிற் குழாய் உறைந்தோ பம்பி வெடித்தோ கிடப்பின் பயிரைக் காப்பது எவ்வாறு? ஆகவே நீர்ச் சாதனங்களை முன்னதாகவே ஆயத்தஞ் செய்தல் வேண்டும்.

குழாய் வெடிப்பதேன்?

நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு அதிகரிக்கின்றது. மூடிய குழாயினுள் அதற்கு இடமின்மையால், வார்ப்பிரும்புப் பம்பியுங்கூடப் பிளந்துவிடும். முகிலும் காற்றுமில்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைவில் இழக்கின்றது. குளிர்ந்த காற்று சரிவு வழியே இறங்கிப் பள்ளங்களிற் தங்குகின்றது. எனவே பள்ளத்திலுள்ள பம்பியும், புல்லின்மேற் கிடக்கும் மெல்லிய குழாயுமே முதலில் உறைவன.

செய்யவேண்டியவை

1. பம்பி: மாலையில் வேலை முடிந்ததும், பம்பியின் அடியிலுள்ள திருகாணியைக் கழற்றி நீரை முற்றாக வடித்துவிடுக. திருகாணியைப் பம்பியிலேயே கட்டிவைப்பின் காணாமற் போகாது. விடியலிற் பம்பியை நிரப்புவதற்கு ஒரு வாளி நீரை வீட்டினுள் வைத்திருத்தல் நன்று.

2. உறிஞ்சு குழாய்: அடிவால்வு நீரைத் தடுத்து நிறுத்துவதால் இக்குழாய் வெறுமையாவதில்லை. நிலத்துக்கு மேலுள்ள பகுதியை உலர்ந்த மானாப்புல்லாலும் சாக்காலும் தடிப்பாகச் சுற்றி, அதன்மேற் பொலித்தீன் கட்டுக. நனைந்த சாக்கினாற் பயனில்லை.

3. நிலையான குழாய்கள்: ஓரடி ஆழத்திற் புதைத்தல் நம் மலைநாட்டுக்குப் போதுமானது. புதைக்க இயலாதாயின், தாழ்ந்த முனையில் வடிகுழாய் ஒன்று பொருத்தி இரவில் அதனைத் திறந்துவிடுக. காற்று உட்புகுமாறு மேல்முனையையுந் திறத்தல் வேண்டும். இன்றேல் நீர் முற்றாக வடியாது.

4. றப்பர்க் குழாய், தூவல் முனைகள்: நீரை வடித்து, சுருட்டிக் கொட்டிலினுள் வைக்குக.

5. தொட்டி: மாலையில் நிரப்பிவைக்குக. பெருந்தொட்டி நீர் ஓரிரவில் உறைந்துவிடாது. பம்பி இயங்காவிடினும் விடியலில் நீர் கிடைக்கும்.

உறைந்துவிட்டால்

தீப்பந்தத்தாற் சூடாக்குதல் கூடாது. குழாயைத் துணியாற் சுற்றி, திறந்த முனையிலிருந்து தொடங்கி, கைபொறுக்குஞ் சூடான நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுக. பம்பியின் சுழலி கையாற் தடையின்றிச் சுழன்ற பின்னரே இயக்குதல் வேண்டும்.

மாலையில் வானம் தெளிந்து காற்றும் ஓய்ந்திருப்பின், அன்றிரவே பனி விழலாமென எண்ணிக் கருமமாற்றுக. நீர் வடிக்கச் செலவாவது கால் மணி நேரமே. அதனைச் சோம்பலால் விடுபவர் பம்பியையும் பயிரையும் ஒருங்கே இழக்க நேரிடும். மேலும் விபரங்களுக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.