தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் பாதை

ரயில் பாலத்தில் கால் வைக்காதே என்று சொல்லித்தான் எல்லா ஊரிலும் பிள்ளைகளை வளர்ப்பார்கள். பேராக்கின் கராய் கிராமத்தில் அந்தப் பேச்சு எடுபடாது. அங்கே பேராக் ஆற்றைத் தாண்டும் விக்டோரியா பாலத்தில், தண்டவாளத்தின் ஓரமாகவே ஆட்கள் போக ஒரு குறுகிய பாதை இருக்கிறது. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் அதில்தான் போகும். எதிரே ஒரு வண்டி வந்துவிட்டால் கைப்பிடி கம்பியில் உரசாமல் ஒதுங்குவதே ஒரு வித்தை.

1897 டிசம்பரில் கட்டத் தொடங்கி 1900 மார்ச்சில் முடித்த பாலம் இது. நீளம் ஏறக்குறைய 350 மீட்டர். செங்கல் தூண்கள்மேல் இரும்புச் சட்டங்கள். ஈயம் ஏற்றிய ரயில்களுக்காக எழுந்தது. திறந்துவைத்தவர் சுல்தான் இத்ரிஸ். 1941 டிசம்பரில் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை, ஜப்பானியரைத் தடுக்க இதன் ஒரு பகுதியைத் தகர்த்தது. பிறகு செப்பனிட்டார்கள். 2002-இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்ததும் ரயில் அங்கே மாறிக்கொண்டது.

ஈயத்துக்குப் பின்னால் வந்தது பால்மரம். கோலகங்சாரில் 1877-இல் ஊன்றிய ஒன்பது கன்றுகளில் ஒன்று கிழட்டு மரமாக இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில், டோவன்பி என்று தோட்டங்கள் பெருகின. தோட்டத்து வாழ்க்கையில் சைக்கிள் வெறும் வாகனம் அல்ல. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு ஓடியதும் அதில்தான், சம்பளத்தன்று டவுனில் வாங்கிய சாமானைக் கேரியரில் கட்டி வந்ததும் அதில்தான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு நின்றுவிடும். மேலே படிக்கிற பிள்ளைக்கு டவுன்தான் கதி. நடுவில் ஆறோ வாய்க்காலோ குறுக்கிட்டால் எத்தனை மைல் சுற்ற வேண்டும் என்பதே அதன் படிப்பைத் தீர்மானித்தது.

1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்தது. ஈப்போவிலிருந்து கோலகங்சார் கைக்கெட்டும் தூரமாகிவிட்டது, கார் வைத்திருப்பவர்களுக்கு. நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் போகலாம். சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் அனுமதி இல்லை. நூறாண்டுக்கு முந்தைய ரயில் பாலம் அவர்களுக்கு விட்ட ஓரத்தை, அதைவிடப் பல மடங்கு அகலமான சாலை விடவில்லை என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

பழைய ரயில் பாலத்தை நடப்பவர்களுக்குக் கேட்டு வாங்கிய கதை நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. மலாயன் ரயில்வேயின் பாதை சிங்கப்பூருக்குள் தஞ்சோங் பகார் வரை போயிற்று. அது மூடப்போகிறது என்றதும், சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2010 அக்டோபரில் ஒரு திட்ட அறிக்கையை அரசிடம் நீட்டியது: நிலத்தைத் துண்டு போடாதீர்கள், முழுப் பாதையையும் பசுமை வழியாக விடுங்கள். 2011 ஜூன் 30 இரவு ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் கடைசி ரயிலைத் தாமே ஓட்டிப் போனார். அடுத்த நாளிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாகத் தண்டவாளத்தில் நடந்தார்கள். கோரிக்கைக்கு அந்த நடையே பெரிய பலம். தண்டவாளத்தில் பெரும்பகுதியைப் பெயர்த்துவிட்டாலும், புக்கிட் தீமாவின் இரண்டு இரும்புப் பாலங்களையும் விட்டுவைத்தார்கள். இன்று அவை 24 கிலோமீட்டர் நடைபாதையின் அங்கம். ஓடுவோரும் சைக்கிளோட்டிகளும் அவற்றின் மேல்தான் போகிறார்கள்.

பேராக்கில் அப்படி ஒன்று கேட்கப் புறப்படுகிறவர்கள் முதலில் எந்த வாசலில் நிற்பது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ரயில் நிலம் ரயில்வே சொத்துக் கழகத்தினுடையது. ஆறு, வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் கையில். சாலை பொதுப்பணி இலாகாவுக்கோ நகராண்மைக்கோ போகும். பழைய கட்டுமானம் என்றால் 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டமும் உண்டு. ஒரே மனுவை நாலு பிரதி எடுத்துக்கொண்டு போவது நல்லது. கூடவே, காலை ஆறிலிருந்து எட்டு மணிவரை அந்த வழியில் எத்தனை பேர் நடந்தார்கள், எத்தனை சைக்கிள் போயிற்று என்று பள்ளிப் பிள்ளைகளை வைத்து எண்ணிய ஒரு தாளும் இருந்தால், அதிகாரி அதைத்தான் முதலில் கையில் எடுப்பார்.