கைப்பிடிக் கழியும் சிலம்பக் கழியும்

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் ஒரு திங்களளவு சென்னையில் தங்க நேர்ந்தபோது, ‘பார்’ எனப்படும் புதியதொரு தேகப்பயிற்சி வகுப்பிற் சேர்ந்து பயின்றோம். அப்பெயர் நம் மாணவ நண்பர்களுள் பலர்க்குப் புதிதாயிருத்தல் கூடுமாதலின், அஃது இன்னதென்பதையும், இளமை முதல் நமக்கு உயிர்த்துணையாயிருந்துவரும் சிலம்பத்தோடு அஃது எவ்வாற்றான் ஒக்கும், எவ்வாற்றான் ஒவ்வாது என்பதையும் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். பாலவனத்தத்திலிருக்கும் நம் தாய்மாமன் இச்செய்தியைக் கேள்வியுற்று, “என்ன மருமகனே, பட்டணத்துக்குப் போய்ப் பாரிலே சேர்ந்துவிட்டாயாமே!” என்று தொலைபேசியில் வினவினார். மதுக்கடையையும் ‘பார்’ என்றே வழங்கும் இக்காலத்தில் அவர் கவலையைக் குறை கூறுவதற்கில்லை. “மாமா, இது பிடித்துக்கொண்டு நிற்பதற்கான பார், விழுவதற்கான பார் அன்று” என்று விடையிறுத்தோம். பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குக் கழி என்பதே பொருள். ‘பாலே’ என்னும் ஐரோப்பிய நடனம் பயிலும் கூடங்களில் சுவரோரமாக இடுப்பளவு உயரத்தில் ஒரு மரக்கழி பொருத்தப்பட்டிருக்கும். ஆடப் பழகுவோர் அதனை ஒரு கையால் தொட்டுக்கொண்டு காலைத் தாழ்த்தவும் தூக்கவும் பயில்வர். அக்கழியே இப்பயிற்சிக்கும் பெயராயிற்று.

இதனைத் தேகப்பயிற்சியாக வகுத்தவர் லோட்டி பெர்க் என்னும் மாது. 1913-ஆம் ஆண்டு ஜெர்மனியிலுள்ள கொலோன் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, நடனமாதாய் விளங்கியவர். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1938-இல் லண்டன் மாநகரை அடைந்தார். முதுகில் அடிபட்டு வருந்தியபோது, தாம் அறிந்த நடனப் பயிற்சிகளையும் மருத்துவர் முதுகுநோய்க்குக் கூறும் பயிற்சிகளையும் இணைத்து ஒரு முறையை அமைத்துக்கொண்டார். 1959-இல் லண்டனில் ஒரு கூடந்திறந்து அதனைப் பிறர்க்குங் கற்பிக்கலானார். அவரிடம் பயின்ற லிடியா பாக் என்பார் 1971-இல் அதனை நியூயார்க்கிற்குக் கொண்டு சென்றார். லோட்டி பெர்க் 2003-இல் காலமானார். ஆடும் மேடைக்காக அன்றி, அடிபட்ட முதுகு மீள்வதற்காக எழுந்த பயிற்சி இஃது என்பதை வாசகர்கள் நினைவிற்கொள்க. நாம் அவ்வகுப்பை நாடியதும் அத்தகையதோர் இடர்ப்பாட்டினாலேயே.

விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடையே அமைந்த பாலவனத்தம், 1901-ஆம் ஆண்டு மதுரையில் தமிழ்ச்சங்கம் நிறுவிய பாண்டித்துரைத் தேவரவர்களின் ஜமீன் ஊராகத் தமிழன்பர்கட்கு அறிமுகமானதே. அவ்வூர்ப்புறத்தில், ஆண்டிற் பெரும்பகுதியும் நீரின்றிக் கிடக்கும் கண்மாய்ப் படுகையே நமக்குச் சிலம்பக்கூடமாயிருந்தது. பன்னிரண்டாம் பிராயத்தில் அங்கே கம்பு பிடித்த நாம் நாற்பது ஆண்டு அதனை விடவில்லை. ஈராண்டுகட்கு முன் வலமுழங்கால் நோவெடுக்கத் தொடங்கிற்று. படியேறுவதினும் படியிறங்குவது கடினமாயிற்று. மூட்டுத் தேய்மானம் என்ற மருத்துவர், குதித்தலும் சடக்கெனத் திரும்புதலும் கூடாவென்றும், தொடைத்தசைகளை வலுப்படுத்துதலே முதல் மருந்தென்றும் கூறினார். கம்பை வீட்டு உத்தரத்தின்மேல் செருகிவைத்தோம். மாலைதோறும் கற்றுக்கொள்ள வந்த சிறுவர்கள் சில நாள் வாயிலில் நின்று பார்த்துப் பின் வராதொழிந்தனர். முழங்கால் நோவினும் அதுவே பெருநோவாயிருந்தது.

சென்னையில் நம் தமையனார் மகள் அவ்வகுப்பிற்குச் செல்பவள். “சித்தப்பா, அங்கே குதிக்கவே வேண்டாம், நின்றாற் போதும்” என்று அழைத்துச் சென்றாள். நிற்பதற்கும் ஒரு வகுப்பா என்று எண்ணியே போனோம். கூடத்தில் இருந்தவர் அனைவரும் மகளிர். நரைத்த தலையும் நம் ஒன்றே. வழுக்காத காலுறை அணிந்து, கழியின் கடைக்கோடியில் ஒதுங்கி நின்றோம். உடலைச் சூடேற்றும் சில அசைவுகளின்பின், குதிகால் இரண்டையும் சேர்த்து, முன்னங்கால்களை விரித்து, குதிகாலைச் சற்றே உயர்த்தி, முழங்காலை மடக்கித் தாழச் சொன்னார் ஆசிரியை. தாழ்ந்தோம். அவ்வளவில் நின்றபடியே ஓர் அங்குலம் கீழே, ஓர் அங்குலம் மேலே அசையச் சொன்னார். இஃதொரு பயிற்சியோ என்று உள்ளத்துள் நகைத்தோம். எண்ணிக்கை முப்பதைக் கடந்தபோது நகை மறைந்தது. நாற்பதில், அன்று பிறந்த கன்றின் கால்போல நம் தொடை இரண்டும் வெடவெடவென நடுங்கின. நாற்பதாண்டுச் சிலம்பக்காரர் கழியை இறுகப் பற்றிச் சாய்ந்ததைக் கண்ட ஆசிரியை, “ஐயா, கழி சாய்வதற்கன்று, தொடுவதற்கே” என்றார். அருகில் நின்ற ஒரு சிறு பெண்ணோ அசையாதிருந்தாள்.

இந்நடுக்கம் எதனால் என்பதை அறிந்துகொள்ளுதல் நலம். தசை தொழிற்படும் வகை மூன்று: சுருங்கி இழுத்தல், இழுபட்டு நீளுங்கால் தாங்குதல், நீளம் மாறாது இறுகி நிற்றல். கம்பு சுழற்றுவதிலும் நடப்பதிலும் முன்னிரண்டும் மாறிமாறி நிகழ்வதால் தசைக்கு நொடிதோறும் சிறிது ஓய்வு கிட்டும். இறுகி நிற்கும்போதோ ஓய்வில்லை. இறுகிய தசை தன்னுள்ளோடும் குருதிக்குழாய்களையே நெருக்குவதால் பிராணவாயுவும் குறைந்தே வந்து சேரும். தசைநார்கள் கூட்டங்கூட்டமாக நரம்பின் ஏவலுக்குட்பட்டு முறைவைத்துப் பணிபுரிவன. ஒரு கூட்டம் சோர்ந்தவுடன் நரம்பு வேறு கூட்டங்களை எழுப்பும். சோர்வு மிகமிக இம்முறைமாற்றம் சீராக நிகழாமல் தடுமாறும். அத்தடுமாற்றமே நடுக்கமாக வெளிப்படுகின்றது. ஆகவே அது நோயுமன்று, மந்திரமுமன்று. தசை தன் எல்லையை நெருங்கியதற்கு அறிகுறி, அவ்வளவே.

இனி ஒப்புநோக்குவோம். சிலம்பத்திற் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. நெற்றியளவு உயர்ந்த மூங்கிற்கம்பு கையிற் சுழலக் காலடி முன்னும் பின்னும் பக்கமுமாகப் பெயர்ந்துகொண்டேயிருக்கும். மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், எதிரே ஒருவன் கம்பு வீசுவானாகில் கண்ணும் செவியும் காலும் ஒருங்கே விழித்திருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்றும் கைப்பிடிக் கழியினிடத்து இல்லை. எதிராளி இல்லாத பயிற்சியில் நமக்கு இன்றளவும் முழுமகிழ்ச்சி பிறக்கவில்லை என்பதை ஒளியாமற் கூறுகின்றோம். மேலும், ஒரே கோணத்தில் நின்று பெறும் வலிமை பெரும்பாலும் அக்கோணத்திற்கும் அதனை அடுத்த நிலைகட்குமே உரியதாகும். அங்குல அசைவு எவ்வளவு செய்யினும் அகன்ற அசைவின் பயன் முழுதும் வாராது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை, வளர்ந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமாக மூச்சு வாங்கும் உழைப்பும், அதனோடு குறைந்தது இரண்டு நாள் தசையை வலுவாக்கும் பயிற்சியும் செய்க என்கின்றது. கழியைத் தொட்டு நிற்றல் இரண்டாவதற்கு உதவும். முதலாவதற்கு அவ்வளவாக உதவாது.

எனினும் சிலம்பத்திற்கு நாம் வழங்கிய புகழ்மாலையில் ஒரு மலரைத் திரும்பப் பெறவேண்டியிருக்கின்றது. நம் வாத்தியார் முதல் ஒரு மாதம் வரை கம்பைக் கையிலேயே தரவில்லை. தொடை தாழ்த்தி நில் என்பார். நின்றபடியே காலடி மாற்று என்பார். நாமோ, அவர் முதுகு திரும்பியவுடன் நிமிர்ந்துவிடுவோம். கம்பு கைக்கு வந்தபின் அந்நிலையை மறந்தே போனோம். பின்னர் நாமே சிறுவர்கட்குக் கற்பித்தபோதும், அவர்கள் சலித்துக்கொள்வார்களென்று அஞ்சி, முதல் நாளே கம்பைக் கொடுத்தோம். மாரியம்மன் பொங்கலில் கம்பு சுழலும் ஓசைக்கே கைதட்டல் கிடைக்கும். தாழ்ந்து நிற்பவனை யார் பார்ப்பர்? நாம் விரும்பிய கலையில் எப்பகுதியை வேண்டாமென்று தள்ளினோமோ, அப்பகுதியையே சென்னையில் கட்டணம் கொடுத்துக் கற்றுக்கொண்டோம். மூட்டின் தேய்மானத்திற்குக் காரணம் பலவாதலின் இதனையே காரணமென்று சொல்லத் துணியோம். ஆயினும் தொடையின் வலிமை குறைந்திருந்ததை அந்நடுக்கம் மறுக்கவொண்ணாதபடி காட்டிற்று.

தாழ்ந்து நிற்கும் இந்நிலை தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. பரதநாட்டியத்தின் அரைமண்டியை அறியாதார் யார்? இடுப்பிலிருந்தே கால்களை வெளிப்புறம் திருப்பி, முழங்கால் பாதத்தின் நேரே நிற்கத் தாழ்தல் இரண்டிற்கும் பொது. இடுப்பு திரும்பாமல் முழங்காலை மட்டும் முறுக்கினால் கேடு விளைவதும் இரண்டிற்கும் பொது. வேற்றுமை என்னவெனின், அரைமண்டியில் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. அங்கும் ஒரு கழி உண்டு. ஆனால் அது தட்டுக்கழியாக நட்டுவனார் கையில் இருக்கும்! இவ்விரு நடனங்களையும் தம் உடலாலேயே ஒப்பிட்டறிந்தவர், 1904-இல் மதுரையிற் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். அன்னா பாவ்லோவாவின் நடனத்தில் ஈடுபட்டு, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். பின்னர்ப் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பரதம் கற்று, 1935-இல் அடையாற்றில் மேடையேறி, 1936-இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். அயல்நாட்டுக் கழியைத் தொட்டமையால் அவருக்கு நம் நாட்டுக் கலையில் ஆர்வம் குன்றவில்லை, மிகுந்ததே.

‘நம்முடையதை விட்டு அந்நியருடையதைப் பிடிப்பதா?’ என்பார்க்கு இஃதொன்று போதும். சென்னையில் 1920-ஆம் ஆண்டு ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். டிரில் முதலிய வெளிநாட்டுப் பயிற்சிகள் வந்தும் தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் அழிந்துவிடவில்லை. சிலம்பமும் 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. நாம் கடியவேண்டியது வேறொன்று. பார் பயின்றால் தசை நீண்டு நடனமாதின் உடல் வாய்க்குமென்றும், வேண்டிய இடத்துக் கொழுப்பு மட்டும் கரையுமென்றும் விளம்பரம் செய்வார் உளர். தசையின் நீளம் அஃது எலும்பிற் பற்றியிருக்கும் இடத்தைப் பொறுத்தது. பயிற்சியால் எலும்பின் பற்றிடம் மாறாது. ஓரிடத்துத் தசையை அசைப்பதால் அவ்விடத்துக் கொழுப்பு மட்டும் கரைவதுமில்லை.

ஒரு மாதம் கழிந்தது. முழங்கால் முற்றும் குணமாயிற்றென்று சொல்லோம். ஒருவர் அனுபவம் பிறர்க்கு அளவுகோலுமன்று. ஆனால் ஊர் திரும்பி, பாலவனத்தத்தில் பேருந்தினின்று இறங்கியபோது, கைப்பிடியைப் பற்றாமல் இறங்கினோம் என்பது இரண்டடி நடந்தபின்னரே நினைவிற்கு வந்தது.

ஊரில் கூடமேது, கண்ணாடிச் சுவரேது? உத்தரத்திற் கிடந்த பழைய சிலம்பக் கம்பை எடுத்து, திண்ணைத் தூண்கள் இரண்டிற்கும் இடையே இடுப்பளவில் கயிற்றாற் கட்டினோம். சாய்வதற்கன்றித் தொடுவதற்கே ஆதலின் அது போதும். அருப்புக்கோட்டையில் தறியில் அமர்ந்து இடுப்புப் பிடித்துக்கொண்ட உறவினரொருவர் ஞாயிறுதோறும் வருகின்றார். சிறுவர்கள் திரும்ப வந்தனர். அவர்கட்கும் முதலில் திண்ணைக் கழி, பின்னரே கைக்கழி. நமக்குக் குதித்தல் இன்னும் விலக்கே. நின்றபடி சுழற்றிக் காட்டுகின்றோம். அடிவைத்துப் பெயர்வதை மூத்த மாணவன் காட்டுகின்றான்.

மாமாவுக்கு வயது எழுபத்தைந்து. முன்சொன்ன நெறிமுறையே, அறுபத்தைந்து கடந்தோர் விழாமல் தற்காத்துக்கொள்ள வாரத்தில் மூன்று நாளேனும் சமநிலைப் பயிற்சி செய்யவேண்டுமென்று கூறுவதை எடுத்துச் சொன்னோம். அவருக்கு இரத்த அழுத்தமும் உண்டு. தசையை இறுக்கி மூச்சையும் அடக்கினால் அழுத்தம் ஏறுமாதலால், மருத்துவரைக் கேட்டபின், வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்யுமாறு வேண்டினோம்; எண்ணுகிறவன் மூச்சை அடக்கமாட்டான். சில நாள் திண்ணையில் அமர்ந்து நம்மை ஏளனம் செய்துகொண்டிருந்தவர், ஒருநாள் விடியலில் நாம் எழுமுன்பே கழியைத் தொட்டு ஒற்றைக் காலில் நின்று உரத்த குரலில் எண்ணிக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் பதினேழில் நிறுத்தி, “இது நம்ம கம்புதானே மருமகனே? இதற்குப் போய்ப் பாரென்று ஏன் பேர் வைத்தான்?” என்று கேட்டுவிட்டுப் பதினெட்டிலிருந்து தொடர்ந்தார்.