செல்பேசித் திட்டமும் சிக்கனமும்

நமது அங்கத்தினர்களில் இன்று செல்பேசி வைத்திராதவர் அரிது. புதிய சேலையின் படம் வியாபாரியிடம் செல்வதும், சந்தை விலை வயலுக்கு வருவதும், கூலி வங்கியில் சேர்ந்த செய்தி கிடைப்பதும் அதன் வழியாகத்தான். ஆயினும், நூலை எடை பார்த்து வாங்கும் நாம், டேட்டாவை மட்டும் கடைக்காரர் சொன்னபடியே வாங்கி வருகிறோம். இது நமக்கு அழகன்று.

திட்டம் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது விலையன்று, அலைவரிசை. தறி இருக்கும் வீட்டிலும் வயலிலும் எந்தக் கம்பெனியின் இணைப்பு நன்றாகக் கிடைக்கிறதென்று, அண்டை அயலாரின் பேசிகளைக் கொண்டு சோதித்தறிவது நலம். எட்டாத அலைவரிசை எவ்வளவு மலிவாயினும் நஷ்டமே.

அடுத்தது நாட்கணக்கு. பல திட்டங்களின் காலம் 28 நாட்களே, மாதம் அன்று. ஆகவே ஆண்டுக்குப் 12 அல்ல, 13 முறை பணம் கட்ட நேரும். உதாரணமாக, 28 நாட்களுக்கு 280 ரூபாய் என்றால் நாளொன்றுக்கு 10 ரூபாய். 84 நாட்களுக்கு 756 ரூபாய் என்றால் 9 ரூபாய். எந்தத் திட்டத்தையும் இவ்வாறு நாட்களால் வகுத்துப் பார்த்தால் உண்மை விலை தெரியும். பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் போதுமென்னும் முதியோருக்கு டேட்டா தேவையில்லை. அத்தகையோருக்கெனத் தனித் திட்டம் இருத்தல் வேண்டுமென்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 டிசம்பரில் விதி செய்துள்ளது. கடையில் அதைக் கேட்டு வாங்கலாம்.

மூன்றாவது, டேட்டாவின் அளவு. ‘தினம் 1.5 ஜிபி’ என்றால், அன்று மிஞ்சியது நள்ளிரவோடு போய்விடும், மறுநாளைக்குச் சேராது. அளவு தீர்ந்தாலோ வேகம் மிகவும் குறைந்து, படமொன்று அனுப்புவதும் பெரும்பாடாகும். தினந்தோறும் சீராகச் செலவழிப்போருக்கு இது பொருந்தும். வாரத்தில் ஓரிரு நாட்களே மிகுதியாகச் செலவழிப்போருக்கு, மொத்தமாகத் தந்து காலமுடிவு வரை பயன்படுத்த விடும் திட்டமே ஏற்றது.

இனி, ஒரு பேசியின் இணைப்பைக் கணினிக்குப் பகிர்ந்து கொடுக்கும் ‘ஹாட்ஸ்பாட்’ முறை. சென்ற ஆண்டு நமது அலுவலகத்திலேயே இதில் ஒரு பாடம் கற்றோம். காரியதரிசியின் பேசியோடு கணினியை இணைத்து வைத்திருந்தோம். அது நாம் அறியாமலே தன் மென்பொருளைப் புதுப்பிக்கத் தொடங்கி, அன்றைய டேட்டா முழுவதையும் முற்பகலிலேயே விழுங்கிவிட்டது. பிற்பகலில் கூலிப் பட்டியலை வங்கிக்கு அனுப்ப இயலவில்லை. நெசவாளர்களுக்குக் கூலி ஒரு நாள் தாமதமாகவே சேர்ந்தது. பிழை நம்முடையதே. கணினியில் ‘மீட்டர்டு கனெக்ஷன்’ என்னும் அமைப்பை இயக்கியிருந்தால் அவ்விழப்பு பெரிதும் தவிர்ந்திருக்கும். ஹாட்ஸ்பாட்டுக்குக் கடவுச்சொல் வைப்பதும், வேலை முடிந்ததும் அதை அணைப்பதும் அவசியம். பகிர்வுக்குத் தடையோ வரம்போ உண்டா என்பதைத் திட்டத்தின் நிபந்தனைகளில் முன்கூட்டியே படித்தறிதல் வேண்டும்.

இருக்கும் கம்பெனி திருப்தி தராவிடில், எண்ணை மாற்றாமலே வேறொன்றுக்குச் செல்லும் உரிமை 2011 ஜனவரி முதல் நாடெங்கும் நமக்கு உண்டு. ‘போர்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடம் விட்டுத் தமது எண்ணையும் சேர்த்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் குறியீடு ஒன்று வரும். அதையும் அடையாளச் சான்றையும் புதிய கம்பெனியின் கடையில் கொடுத்தால் போதும். ஆனால் பழைய கணக்கின் மீதி உடன் வாராது. ஆகையால் திட்டம் முடியும் தறுவாயில் மாறுவதே சிக்கனம்.

அடுத்த முறை பணம் கட்டுமுன், சென்ற மாதம் எவ்வளவு டேட்டா செலவாயிற்றென்று ஒவ்வோர் அங்கத்தினரும் தமது பேசியின் அமைப்புப் பகுதியில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம். தேவையின் அளவு தெரிந்தவரை வீண்செலவு அணுகாது.