கூட்டம் இல்லாத யாத்திரை வழி
ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில் சந்தியாகோ என்ற ஊர் இருக்கிறது. ஏசுநாதரின் சீடர் யாக்கோபின் கல்லறை அங்கே இருப்பதாகக் கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். 2023-ஆம் ஆண்டில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட யாத்திரிகர்கள் அங்கு போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் நடந்தே போனவர்கள்!

இவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் போனது "பிரெஞ்சு வழி". கோடையில் அங்கே இரவு தங்க இடம் கிடைப்பதே கஷ்டம்.

அமைதியை விரும்புகிறவர்கள் "வெள்ளி வழி"யைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தெற்கே செவில் நகரில் தொடங்கும் இந்தப் பாதையின் நீளம் சுமார் 1,000 கிலோ மீட்டர். பெரும்பகுதி பழைய ரோமானியர் சாலையை ஒட்டியது. மெரிதா நகரில் ரோமானியர் கட்டிய, சுமார் 800 மீட்டர் நீளமுள்ள பாலத்தின் மீது இன்றும் யாத்திரிகர்கள் நடக்கிறார்கள்.

எப்போது போகலாம்?

வசந்த காலமே நல்லது. ஜூலையில் தெற்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும், நிழலும் குறைவு. ஏப்ரலில் வயல்கள் பச்சைப்பசேல் என்றிருக்கும். வழியெல்லாம் காட்டுப் பூக்கள்!

ஆனால் ஒன்று: கூட்டம் இல்லாத வழியில் துணையும் இல்லை. சில நாட்களில் 20 கிலோ மீட்டருக்கு மேல் நடந்தாலும் ஊர் வராது, தண்ணீரும் கிடைக்காது. மழை பெய்தால் ஓடைகள் பெருகிவிடும். காலில் சுளுக்கு ஏற்பட்டால் கைகொடுக்க ஆள் வர நேரமாகும்.

ஆகவே, போதிய தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். போகும் ஊரின் பெயரைத் தங்கிய விடுதியில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். வழிகாட்ட மஞ்சள் அம்புக்குறிகள் உண்டு.