பத்துப் பேர் செத்துப்போகும் பாட்டு

ஒருவன் சாப்பிடும்போது தொண்டை அடைத்துச் சாகிறான். ஒருவனைத் தேனீ கொட்டுகிறது, இன்னொருவனைக் கரடி கட்டிப் பிடிக்கிறது. பத்தில் தொடங்கி ஒவ்வொருவராகக் குறைந்து, கடைசியில் யாருமே இல்லை. ஆங்கிலக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகச் சிரித்துக்கொண்டே பாடிய எண்ணுப் பாட்டு இது.

பிறந்தது குழந்தைகளுக்காக அல்ல, மேடைக்காக. 1868-இல் பிலடெல்பியாவின் செப்டிமஸ் வின்னர் அமெரிக்கப் பழங்குடிச் சிறுவர்களைக் கேலி செய்து எழுதினார். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் ஃபிராங்க் கிரீன் அதைக் கறுப்பினச் சிறுவர்களின் பாட்டாக மாற்றினார். முகத்தில் கரி பூசிய வெள்ளைக்காரர்கள் அதைப் பாடிக் கைதட்டல் வாங்கினார்கள். சாகிறவன் தன் ஆள் இல்லை என்றால் சாவும் வேடிக்கைதானே! நம் ஊர் ஆங்கிலப் பள்ளிகளில் பிள்ளைகள் விரல் நீட்டி எண்ணிப் பாடுவது வின்னர் பாட்டின் பல்லவியை மட்டும். சாவுகள் வழியிலேயே உதிர்ந்துவிட்டன.

அகதா கிறிஸ்டிக்கு வேண்டியிருந்தது அந்தச் சாவுகள்தான். 1939-இல் வந்த நாவலில், டெவன் கடலோரத் தீவு ஒன்றில் பத்துப் பேரைக் கொண்டுபோய் அடைத்தார். நீதிபதி, டாக்டர், ராணுவ ஜெனரல், பக்திமிக்க முதிர்கன்னி என்று பெரும்பாலும் மதிப்பான ஆட்கள். ஒவ்வொருவர் கையிலும் சட்டத்துக்கு எட்டாத ஒரு மரணக் கறை. ‘மற்றவன்’ சாவதைப் பார்த்துச் சிரித்தவர்களின் பாட்டு, இப்போது அவர்களையே எண்ணத் தொடங்கியது.

அடுத்து நடக்கப்போவதை மறைப்பதுதான் மர்மக் கதையின் வழக்கம். கிறிஸ்டியோ அதைச் சொல்லும் பாட்டையே சட்டம் போட்டு அறைக்கு அறை மாட்டிவிட்டார். தேனீ ஊசியாக வருகிறது. கரடி பளிங்குக் கடிகாரமாக விழுகிறது. சாப்பாட்டு மேசைப் பொம்மைகளில் ஒன்று குறைந்தால் ஆள் ஒன்று குறைந்தது என்று அர்த்தம். எப்படிச் சாவு வரும் என்பது தெரியும், யாருக்கு என்பதுதான் தெரியாது. இவ்வளவு கச்சிதமான திகில் அவருடைய மற்ற நாவல்களில் இல்லை என்பேன்.

பாட்டிலிருந்த இனவசைச் சொல்லே பிரிட்டனில் நாவலுக்கும் தலைப்பானது. அமெரிக்கப் பதிப்பு 1940-லேயே அதைக் கைவிட்டது. பிரிட்டனில் 1985 வரை நீடித்தது, பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் 2020 வரை. தலைப்பு போனதால் கதையில் ஒரு குண்டுமணி திகிலும் குறையவில்லை.

பாட்டுக்கு இரண்டு முடிவுகள் உண்டு: கடைசி ஆள் தூக்கில் தொங்குவான், அல்லது கல்யாணம் செய்துகொள்வான். நாவலுக்குத் தூக்கை எடுத்த கிறிஸ்டி, 1943-இல் நாடகமாக்கியபோது கல்யாணத்துக்கு மாறினார். ரெனே கிளேர் 1945-இல் எடுத்த படமும் அதே வழியில் போனது. நாவலின் கசப்பை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தது 1987-இன் சோவியத் படம்.

இந்தியில் ‘கும்நாம்’ (1965), தமிழில் வீணை எஸ். பாலசந்தரின் ‘நடு இரவில்’ (1970) இரண்டும் இந்த நாவலின் வழி வந்தவை. இரண்டிலும் அந்தக் குழந்தைப் பாட்டு இல்லை. ‘கும்நாம்’ படத்தில் லதா மங்கேஷ்கரின் குரல் அடிக்கடி மிதந்து வந்து பயமுறுத்துகிறது. ஆனால் அடுத்த சாவை முன்கூட்டிச் சொல்வதில்லை. யார் கொலையாளி என்ற கேள்வி மட்டுமே மிஞ்சுகிறது.

இன்னும் படிக்காதவர்கள் முதலில் நாவலைப் படியுங்கள், படங்களை அப்புறம் பார்க்கலாம். முடிவு தெரிந்த நண்பர்களிடம் மட்டும் அதுவரை பேச்சுக் கொடுக்காதீர்கள்.