காவலும் கனிவும்

"குரைக்கிற நாய் கடிக்காது" என்பது நம் முன்னோர் வாக்கு. வாய்ச் சவடால் பேசுகிறவர்களைக் கேலி செய்வதற்கே இதைப் பயன்படுத்துகிறோம். ஆனால் தோழியரே, சற்று எண்ணிப் பாருங்கள்! ஒரு வீட்டிற்கு வேண்டியது எது? குரைக்கும் நாயா, கடிக்கும் நாயா?

இந்தக் கேள்வி இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் எழுந்தது. அப்பா வேலைக்காக வளைகுடா நாட்டிற்குச் சென்றுவிட்டார்கள். தென்னை விளையின் நடுவே இருக்கும் எங்கள் வீட்டில் பாட்டி, அம்மா, நான், மூன்று வயதுத் தம்பி ஆகிய நால்வர் மட்டுமே. இரவில் ஒரு தேங்காய் விழுந்தாலும் அம்மா விழித்துக்கொள்வார்கள். ஒரு நாய் வளர்ப்பது என்று முடிவாயிற்று. "ராட்வீலர் ஒன்று வாங்கிக் கட்டினால் ஒருவனும் வாசலை மிதிக்க மாட்டான்" என்றார் மாமா. அம்மாவுக்கோ அதைக் கேட்டதும் பயம். அதற்குக் காரணமும் இருந்தது. எங்கள் தெருவில் குட்டியிலிருந்தே சங்கிலியில் கிடந்த ஒரு நாய், பந்தை எடுக்கப் போன சிறுவனின் கன்னத்தைக் கடித்துவிட்டது. ஓராண்டாக அந்த வீட்டைக் காத்த நாய் அது. கடைசியில் அது பிடித்தது திருடனை அல்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளையை!

எல்லாருடைய பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, "மக்களே, நாய் குலைச்சாப் போதும். கடிக்கதுக்கு நமக்கு எதுக்கு நாய்?" என்றார்கள். அந்தச் சொல்லின் உண்மையைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டேன். அறிந்தவற்றை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

காவல் என்பது யாது?

மனிதக் காதுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலிதான் கேட்கும். நாய்க்கோ அதைப்போல் இரு மடங்கிற்கும் மேற்பட்ட அதிர்வுள்ள ஒலியும் கேட்கும். அதன் மோப்பத் திறனைச் சொல்லவே வேண்டாம். மதிலுக்கு அப்பால் ஒரு புதிய காலடி விழுந்ததும் நாய் அறிந்துவிடும். அறிந்ததை நமக்கு அறிவிப்பதே அதன் காவல். இருளையும் அமைதியையும் நம்பி வருபவன் திருடன். நாய் குரைத்து, வீட்டில் விளக்கு எரிந்து, அக்கம்பக்கத்தார் குரல் கொடுத்துவிட்டால் அவனுக்கு அங்கே வேலை இல்லை. ஆளைப் பிடிப்பது காவல்துறை நாய்களின் பணி. அவற்றிற்குப் பல மாதப் பயிற்சியும், எப்போதும் உடன் இருக்கும் பயிற்சியாளரும் உண்டு. அத்தகைய பயிற்சியோ கட்டுப்பாடோ இன்றி, வலிமை மட்டும் உள்ள நாயை வீட்டில் வைத்திருப்பது ஆபத்தாகும். 2024 மே மாதத்தில் சென்னையில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய செய்தியை நாளிதழ்களில் நாம் படித்தோம் அல்லவா?

காவலும் கனிவும் ஒரே நாயிடம் இருக்கக்கூடுமா? இருக்கக்கூடும். புனித தொன் போஸ்கோ தம் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதியுள்ள சாம்பல் நிற நாயை நினைத்துப் பாருங்கள். 'கிரிஜோ' என்று அவர் அழைத்த அந்த நாய், தூரின் நகரில் அவர் இரவில் தனியே நடந்து வரும்போதெல்லாம் துணைக்கு வந்தது. ஒருமுறை அவரைத் தாக்க வந்தவர்கள்மீது பாய்ந்தது. அவர் அழைத்ததும் அவர்களை விட்டு விலகி வந்தது. அதே நாய் அவருடைய இல்லத்து முற்றத்தில் சிறுவர்கள் தடவிக்கொடுக்க அமைதியாக நின்றது. பாயத் தெரிவது பெரிதல்ல. 'விடு' என்றால் விடத் தெரிவதே பெரிது. வீட்டு நாய்க்கு வேண்டிய முதல் இலக்கணம் அதுதான்.

நம் தமிழ்நாட்டு இனங்கள்

நம் மாவட்டத்திற்கு அருகிலேயே புகழ்பெற்ற நாய் இனங்கள் உள்ளன. வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இராஜபாளையம் நாய் அவற்றில் ஒன்று. இந்திய அஞ்சல் துறை 2005 ஜனவரியில் நாய்களுக்காக வெளியிட்ட நான்கு அஞ்சல் தலைகளுள் ஒன்று இதற்கு உரியது. தன் வீட்டாரிடம் மிகுந்த பற்றுடையது. ஆனால் அந்நியரை எளிதில் ஏற்காது. உறவினரும் அயலாரும் ஓயாது வந்துபோகும் வீட்டிற்கு இது பொருந்துவது கடினம். தூய வெண்ணிறக் குட்டிகளில் சில பிறவியிலேயே செவிடாக இருப்பதும் உண்டு.

சாத்தூர், கோவில்பட்டி வட்டாரக் கரிசல் பூமியில் பெயர் பெற்றவை சிப்பிப்பாறையும் கன்னியும். மெலிந்த உடல், நீண்ட கால், முயலைத் துரத்தும் வேகம்! வீட்டாரிடம் சாந்தமானவை. ஆனால் நாள்தோறும் ஓட இடம் வேண்டும். மூன்று சென்ட் நிலத்து வீட்டில் இவற்றை அடைப்பது பாவம். தேனி மாவட்டத்துக் கோம்பை நாய், செம்பழுப்பு உடலும் கறுத்த முகமும் உடையது. துணிவு மிக்கது. அனுபவம் உள்ளவர் கையில்தான் அது அடங்கும்.

வெளிநாட்டு இனங்களில் லாப்ரடார் குழந்தைகளுக்கு நல்ல தோழன். ஆனால் திருடனுக்கும் வாலாட்டக்கூடும்! அல்சேஷன் அறிவுள்ளது, காவலுக்கும் ஏற்றது. எனினும் அடர்ந்த உரோமத்தோடு நம் ஊர்ப் புழுக்கத்தில் அது வருந்தும். அன்றாடப் பயிற்சியும் அதற்கு வேண்டும். பொமரேனியன் என்று நாம் சொல்லும் சிறு வெள்ளை நாய் குரைப்பதில் கெட்டி. ஆனால் சிறு பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுத்தால் பொறுக்காது.

எஞ்சியிருப்பது எது? நம் தெருவிலேயே பிறந்து வளரும் நாட்டு நாய்! வேணாட்டுப் பக்கத்தார் 'பட்டி' என்பார்களே, அதுதான். நம் வெயிலுக்கும் இரண்டு பருவ மழைக்கும் பழகிய உடல். குட்டையான உரோமம். நடுத்தர உருவம். சிறு ஓசைக்கும் செவி நிமிர்த்தும் விழிப்பு. வீட்டாரிடம் குழைவு. விலையோ ஒரு பைசாவும் இல்லை. காவலும் கனிவும் சேர்ந்து வேண்டுபவர்க்கு இதைவிட எது பொருத்தம்?

குட்டியைத் தேர்ந்தெடுத்தல்

எந்த இனமானாலும் ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குள்ளும் குணம் வேறுபடும். எனவே பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

முதலில் தாயைப் பாருங்கள். தாய் அமைதியானதாக இருந்தால் குட்டிகளும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அடுத்து, குட்டிகள் விளையாடுவதைச் சற்று நேரம் கவனியுங்கள். மற்றவற்றைக் கடித்துத் தள்ளி முன்னே வருவதும் வேண்டாம். மூலையில் நடுங்கி ஒதுங்குவதும் வேண்டாம். அஞ்சி வளரும் நாயே பின்னாளில் அதிகம் கடிக்கும். சற்றுத் தள்ளி ஒரு சாவிக் கொத்தைக் கீழே போடுங்கள். திடுக்கிட்டு, பிறகு 'என்ன அது?' என்று முகர வரும் குட்டிதான் நமக்கு உரியது. முதுகுக்குப் பின்னே கை தட்டி, காது கேட்கிறதா என்றும் பாருங்கள். தெளிந்த கண், நாற்றமில்லாத காது, இளஞ்சிவப்பு ஈறு ஆகியவை உடல்நலத்தின் அடையாளங்கள். வயிறு மட்டும் பானைபோல் உப்பியிருந்தால் குடற்புழு இருக்கக்கூடும்.

எட்டு வாரம் நிறையும் முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. கடிக்கும் வேகத்தை அடக்கிக்கொள்ள உடன்பிறந்தவற்றோடு விளையாடித்தான் அது கற்றுக்கொள்கிறது.

ஆணா, பெட்டையா?

இங்கே ஒரு வேதனையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குட்டி கேட்டு வருபவர்கள் ஆண் குட்டியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டி, மீன் சந்தை ஓரத்திலோ குளக்கரையிலோ விட்டுவிடுகிறார்கள். பெட்டை 'தொல்லை' என்பதே காரணமாம்!

அறிவியல் சொல்வது வேறு. அமெரிக்காவில் டென்வர் நகரத்தில், மனிதரைக் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு நடத்திய ஓர் ஆய்வு 1994இல் வெளியானது. கடித்த நாய்களில் ஆண் நாய்களும், கருத்தடை செய்யப்படாதவையும், முற்றத்தில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டவையுமே மிகுதி என்று அது கண்டது. பெட்டை காவலுக்குக் குறைந்ததன்று. ஏறத்தாழ ஆறு மாதத்தில் கருத்தடை அறுவை செய்துவிட்டால், குட்டி போடுமே என்ற கவலையும் இல்லை. பெண் என்பதாலேயே ஓர் உயிர் சாக்கில் கட்டப்படுவதை நாமாவது ஏற்கலாமா, தோழியரே?

வளர்க்கும் முறை

மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை குட்டி உலகத்தை அறிந்துகொள்ளும் காலம். இந்தப் பருவத்தில் மனிதரையே காணாமல் வளர்ந்த குட்டிகள் பின்னர் மனிதரை அணுகவே அஞ்சின என்று 1960களில் அமெரிக்க அறிஞர்கள் சோதித்து அறிந்தார்கள். எனவே குழந்தை, முதியவர், குடை பிடித்தவர், தலைச்சுமைக்காரர், தபால்காரர் ஆகிய அனைவரையும் குட்டி இந்தக் காலத்திலேயே கண்டு பழக வேண்டும். 'எல்லாரிடமும் பழகினால் காவல் காக்குமா?' என்று கேட்கலாம். தாராளமாகக் காக்கும். பகலில் கதவைத் திறந்து வருபவர் யார், நள்ளிரவில் மதிலேறுபவர் யார் என்ற வேற்றுமையைப் பழகிய நாய்தான் நன்கு அறியும். பழகாத நாய்க்கு எல்லாரும் பகைவரே.

பகல் முழுதும் சங்கிலியில் கட்டி இரவில் அவிழ்த்துவிடுவது நம் ஊர் வழக்கம். இது தவறு. அச்சம் வந்தால் ஓடிப்போக வழியுள்ள நாய் ஓடிவிடும். கட்டப்பட்ட நாய்க்கு ஓட வழியில்லை. ஆகவே கடிக்கிறது. மதிலுக்குள் நடமாட விடுங்கள். முடியாவிட்டால் காலையும் மாலையும் நடத்திச் செல்லுங்கள். அடிக்காதீர்கள். நல்லது செய்தால் ஒரு துண்டுக் கருவாடு கொடுத்துத் தட்டிக்கொடுங்கள். 'வா', 'இரு', 'விடு' என்ற மூன்று சொற்களை வீட்டார் அனைவரும் ஒரே மாதிரி சொல்லிப் பழக்கினால் போதும்.

சோறும் மீனும் முட்டையும் நல்ல உணவு. வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. மழைக்காலத்தில் உண்ணிகளை நாள்தோறும் பார்த்து அகற்ற வேண்டும்.

பிள்ளைகளுக்கும் பாடம் உண்டு. உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டி போட்ட நாயையும் தொடக்கூடாது. அறியாத நாய் எதிரே வந்தால் ஓடாமல் மரம்போல் அசையாது நிற்க வேண்டும். குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை அங்கே நம்பிவிடாதீர்கள்!

தடுப்பூசி

ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் முதல் தடுப்பூசி, மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பின்னர் ஆண்டுதோறும் ஒருமுறை என்று கால்நடை மருத்துவர் சொல்லும் நாளில் தவறாது போட வேண்டும். வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தடுப்பூசி போட்டுக் காத்தார். அவர் பெயரால் நம் குன்னூரில் 1907 முதல் ஒரு நிலையம் உள்ளது. வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பாட்டிமார் அஞ்சிய பழைய மருந்தின் தயாரிப்பு இந்தியாவில் 2004 இறுதியோடு நின்றுவிட்டது. இன்று கையில் போடும் சில ஊசிகளே. எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளோ மிளகாய்ப்பொடியோ சுண்ணாம்போ வைக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஊசிகளை இடையில் நிறுத்திவிடக் கூடாது.

முடிவாக

எங்கள் வீட்டிற்கு வந்தது ராட்வீலர் அல்ல. சந்தை ஓரத்துச் சாக்கிலிருந்து அம்மா எடுத்து வந்த செவலை நிறப் பெட்டைக் குட்டி. பெயர் மணி. தம்பி அதன் காதைப் பிடித்து இழுக்கிறான். அது எழுந்து அப்பால் போய்ப் படுத்துக்கொள்கிறது. இழுக்கக்கூடாது என்று அவனுக்கும் சொல்லிக் கொடுத்து வருகிறோம். சென்ற ஐப்பசியில் மின்சாரம் இல்லாத ஒரு மழை இரவில் புறவாசல் பக்கம் மணி விடாது குரைத்தது. பாட்டி கைவிளக்கை அடித்தார்கள். பக்கத்து வீட்டிலும் கதவு திறந்தது. ஈர மண்ணில் யாரோ ஓடும் ஓசை கேட்டது. காலையில் பார்த்தால் மதிலோரம் ஒரு அரிவாளும், வெட்டிப் போட்ட ஒரு வாழைக்குலையும் கிடந்தன. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அம்மா இப்போது தேங்காய் விழும் ஓசைக்கு விழிப்பதில்லை. மணி குரைத்தால் மட்டுமே விழிக்கிறார்கள்.

நாய் பன்னிரண்டு, பதினான்கு ஆண்டுகள் வாழும் உயிர். அத்தனை ஆண்டுகளும் சோறும், நிழலும், அன்பும் தர முடியுமா என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோம். முடியும் என்றால், விலை கொடுத்து வாங்கும் முன் நம் தெருவில் ஒருமுறை பார்ப்போம். நமக்காகக் குரைக்க ஓர் உயிர் அங்கேயே காத்திருக்கலாம்!